ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பழகிய பௌலிங்

திங்கட்கிழமை காலை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். லீசிங் தவணை கட்ட வந்த ஐயா காசை எண்ணி வைத்துவிட்டு ரசீதுக்காகக் காத்திருக்கிறார். என்னால் பேனையைப் பிடிக்க முடியவில்லை. வலது கைப் பெருவிரல் அவித்த வத்தாளங்கிழங்கு மாதிரி வீங்கி, நகத்தடியில் கறுத்துப் போயிருந்தது. "என்ன மிஸ், கதவுல நசுங்கிருச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பௌலிங் விளையாடப் போய் இப்படி ஆனது என்று ஹட்டன் டவுனில் யாரிடம் சொல்வது? சொன்னால் அதற்கு விளக்கம் வேறு கொடுக்க வேண்டும்.

ஆரம்பம் இதுதான். எங்கள் கொம்பனியின் தலைமை அலுவலகம் கிளைகளுக்கு இடையே டென்பின் பௌலிங் போட்டி வைக்கப் போவதாக அறிவித்தது. கிளைக்கு ஒருவர். எங்கள் கிளையில் எல்லோருக்கும் குடும்பம், பிள்ளை, டியூஷன். மெனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்க பேரைப் போட்டுட்டேன்" என்றார். ஆறு வாரம் இருந்தது. வீட்டில் சொன்னதும் அப்பா, "பந்து போடப் போறியா? முரளி மாதிரியா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்டியில் பிறந்து டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த மனிதர் இருக்கும்போது எங்கள் மலைகளில் பௌலிங் என்றால் வேறு என்ன நினைப்பு வரும்? இது உருட்டும் விளையாட்டு, அந்தப் பக்கம் 'பின்' என்கிற பத்துக் கட்டை நிற்கும், பந்தை உருட்டி விழுத்த வேண்டும் என்று விளக்கினேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "பந்து என்ன கனம்?" ஆறு, ஏழு கிலோ வரைக்கும் இருக்கும் என்றேன். "நான் 18 கிலோ கொழுந்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறேன். ஏழு கிலோவை உருட்டுறதுக்கா கொழும்பு போற?" என்றா. அந்த ஒரு சொல் என் மண்டையில் ஏறி உட்கார்ந்ததுதான் பிறகு நடந்த பாதி நட்டத்துக்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஹட்டனில் பௌலிங் லேன், அதாவது பந்து உருட்டும் பலகைப் பாதை, ஏது? முதல் ஞாயிறு விடியற்காலை நாலரை பஸ்ஸில் ஏறினேன். கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்கி, கொழும்பில் பௌலிங் ஹோலுக்குள் நுழையும்போது பத்து மணி. முதல் அடி கவுண்டரிலேயே விழுந்தது. நான் செருப்போடு போயிருந்தேன். வாடகைக்குச் சப்பாத்து தருவார்களாம், ஆனால் சொக்ஸ் நம்முடையதாக இருக்க வேண்டுமாம். அங்கேயே 350 ரூபாய் கொடுத்து ஒரு சோடி வாங்கினேன். டவுன் நடைபாதைக் கடையில் அந்தக் காசுக்கு இரண்டு சோடி தருவார்கள். அப்புறம், ஆட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன், சப்பாத்தோடு 1,100 என்றார்கள், நாலு ஆட்டத்துக்குக் கட்டினேன். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. நாலைந்து பேர் மாறி மாறி விளையாடினால் ஓர் ஆட்டம் ஒரு மணித்தியாலம் இழுக்கும். தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் முக்கால் மணியில் 4,400 ரூபாய் போய்விட்டது. அதே ஹோலில் லேனை மணிக்கணக்கில் எடுக்கலாம், மணித்தியாலம் 4,000, எத்தனை பேரும் எத்தனை ஆட்டமும் ஆடலாம் என்பது எனக்கு ஐந்தாவது ஞாயிறுதான் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தனியாகப் பழகப் போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள். அதைவிட நல்லது, ஒரு தோழியையாவது கூட்டிக்கொண்டு போங்கள். செலவு பாதியாகும், நீங்கள் செய்யும் பிழையைப் பார்க்க இரண்டு கண்ணும் இருக்கும்.

பந்து ராக்கைப் பார்த்தால் எல்லாப் பந்தும் ஒரே அளவுதான், எட்டரை அங்குல விட்டம். உள்ளேதான் வித்தியாசம். மேலே 8, 10, 12 என்று எழுதியிருப்பது இறாத்தல் கணக்கு. 16 இறாத்தல்தான் உச்சம், அது ஏழே கால் கிலோ வரும். பக்கத்து லேனில் ஆம்பிளைகள் எடுத்ததைப் பார்த்து, அம்மாவின் 18 கிலோவையும் நினைத்துக்கொண்டு, 14 எழுதிய சிவப்புப் பந்தைத் தூக்கினேன். தலையில் கயிறு போட்டு முதுகில் சுமப்பது வேறு, மூன்று விரலில் தொங்கவிட்டு வீசுவது வேறு என்று அந்த நேரம் புத்தி சொல்லவில்லை. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 50 கிலோ இருக்கிற எனக்கு அது 11 இறாத்தல். புதிதாகப் பழகுகிறவர் அதிலும் ஒன்று குறைத்து எடுத்தால் நட்டமில்லை. கனத்தைவிட முக்கியம் ஓட்டை. பெருவிரல் அடிவரைக்கும் உள்ளே போக வேண்டும், உள்ளே லேசாகத் திருப்பிப் பார்த்தால் திரும்ப வேண்டும், வெளியே எடுக்கும்போது 'டப்' என்று போத்தல் மூடி திறக்கிற சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அந்தப் பந்து உங்களுக்கில்லை, ராக்கில் வைத்துவிடுங்கள். அதே நேரம் தொளதொள என்றும் இருக்கக் கூடாது. இருந்தால் விழாமல் இருக்க விரலை மடக்கி இறுக்குவீர்கள், கை முழுக்க விறைத்துவிடும்.

முதல் நாள் கேவலம் இன்னும் முடியவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு இடையில் அந்தச் சப்பாத்தோடேயே கழிவறைக்குப் போய் வந்தேன். தரையில் கொஞ்சம் ஈரம். பௌலிங் சப்பாத்தின் அடி வழவழப்பானது, கடைசி அடியில் கால் வழுக்கிக்கொண்டு போய் நிற்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்த அடி தரையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. ஓடி வந்தேன், இடது கால் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. 'பவுல்' கோடு என்று, பந்தை விடும்போது தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு, அதைத் தாண்டி முழங்கால் இரண்டும் லேனில். அந்தக் கோட்டுக்கு அப்பால் லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள், பந்து வழுக்கிப் போவதற்கு, ஏறக்குறைய 40 அடி தூரத்துக்கு. எழும்பப் போனால் கை வழுக்குகிறது. பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாட வந்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பந்து நாலு பின்னை விழுத்தியிருந்தது, ஆனால் கோட்டைத் தாண்டினால் அந்த உருட்டலுக்குப் பூச்சியம். அன்றைக்கு என் அதிகபட்ச ஸ்கோர் 41. இரவு எட்டு மணிக்கு ஹட்டனில் இறங்கும்போது பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,250 ரூபாய் போயிருந்தது. பாவாடையில் எண்ணெய்க் கறை.

இரண்டாவது ஞாயிறு அதே சிவப்புப் பந்து. பழகியதாயிற்றே என்ற எண்ணம். 'டப்' சத்தம் ஒவ்வொரு முறையும் வந்தது. மூன்றாவது ஆட்டத்தில் வேகமாக வீசப் போய் பெருவிரல் உள்ளேயே நின்றுவிட்டது. பந்து போனது, விரலும் கொஞ்சம் கூடவே போனது. அதுதான் நான் முதலில் சொன்ன வத்தாளங்கிழங்கு. அதோடும் நாலாவது ஆட்டத்தை ஆடினேன், காசு கட்டியாயிற்று என்று. இப்படிச் செய்யாதீர்கள். விளையாட விளையாட விரல் வீங்கும், முதல் ஆட்டத்தில் சரியாக இருந்த ஓட்டை மூன்றாவதில் இறுக்கலாம், அப்போது பந்தை மாற்ற வெட்கப்படக் கூடாது. டொக்டருக்கும் மருந்துக்கும் 2,800 ரூபாய். மூன்றாவது ஞாயிறு வீட்டில் ஓய்வு.

ஓய்வு என்று சொன்னாலும் கை சும்மா இருந்தால்தானே! போனில் தேடினேன். எனக்கென்று சொந்தப் பந்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. பாவித்த பந்து ஒன்று 16,000 ரூபாய்க்கு இருந்தது, கறுப்பில் நீலச் சுழி போட்டு, பார்க்க அவ்வளவு அழகு. மணிக்கட்டுக்குப் போடும் உறை ஒன்றையும் 4,500 கொடுத்து ஓர்டர் பண்ணினேன். நாலாவது வாரம் கொழும்பில் பந்தை வாங்கிக் கையில் எடுத்த பிறகுதான் விளங்கியது. சொந்தப் பந்து என்பது அதற்குரியவரின் கையை அளந்து துளைத்தது. எனக்கு விற்ற அண்ணாவின் கை பெரிய கை. என் பெருவிரலை நுழைத்தால் மற்ற இரண்டு விரலும் ஓட்டை வாயைத் தொடுவதற்குள் உள்ளங்கை கிழிந்துவிடும் போல இழுக்கிறது. கனமும் 15 இறாத்தல். ஓட்டையை அடைத்துத் திரும்பத் துளைக்கலாம், அதற்குத் தனிச் செலவு. அதைக் கையில் வைத்துக்கொண்டே அன்று நாலு ஆட்டம் ஆடி, மூன்று பந்து லேன் ஓரத்துக் கானில் போட்டால் ஒன்று நேரே போகும் கணக்கில் 52 எடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கித்துல்கல வளைவில் அது மடியை விட்டு இறங்கி சீட்டுகளுக்கு அடியால் உருண்டு டிரைவர் பக்கம் போய் நின்றது. நடத்துனர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னா தங்கச்சி, குண்டா?" என்றார்.

அந்த வாரம் வீட்டில் பழகிப் பார்த்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் லயத்துக்கு முன்னால் இருக்கிற சீமெந்து ரோட்டில் ஒரு முப்பது அடி மட்டமாக இருக்கும், தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே மட்டமான இடம். தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தல் பத்தை முக்கோணமாக அடுக்கினேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பந்து. ஒரு போத்தலும் விழவில்லை. பந்து இடது பக்கமாகப் போய், ரோட்டோர வாங்கில் முட்டி, சரிவில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் புகுந்தது. கவ்வாத்து வெட்டிய மலை, அதனால் போகிற வழி நன்றாகத் தெரிந்தது. செடிக்குச் செடி தட்டி, கடைசியில் கீழ்க் கானில் 'தொபுக்' என்று விழுந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்த் தூக்கிவந்தபோது ஒரு பக்கம் சில்லுப் பெயர்ந்திருந்தது. 16,000 ரூபாய் என்று சொல்ல வாய் வரவில்லை, அம்மா கேட்டதற்கு 3,000 என்றேன்.

என் கதையில் திருப்பம் ஐந்தாவது வாரம் வந்தது. அந்த ஞாயிறு பாதி மனதோடுதான் போனேன். ஹோல் பந்தையே எடுத்தேன், வழக்கம்போல் கானில் போனது, தமிழில் என்னையே ஏதோ திட்டிக்கொண்டேன். லேனின் பின்பக்கக் கதவால் கிறீஸ் கையோடு ஒரு தம்பி வந்தார், மெஷினில் சிக்கிய பின்னை எடுக்கிறவர். "அக்கா நம்ம பக்கமா?" என்றார். ஹட்டன் என்றேன். அவர் பொகவந்தலாவை. ஐந்து வருஷமாக அங்கே வேலையாம். "நான் எந்நேரமும் பின்னுக்குப் பின்னால நிக்கிறவன். ஒவ்வொருத்தர் பந்தும் எப்படி வருதுன்னு அங்கருந்து தெரியும். உங்க பந்து கோபமா வருதுக்கா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணிக்கணக்கில் லேன் எடுக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

கையில் இருந்த பந்தை வாங்கி வைத்துவிட்டு 10 இறாத்தல் பந்தைத் தந்தார். நாலரைக் கிலோ. "நடக்காதீங்க. கோட்டுக்கிட்ட நில்லுங்க. கையத் தொங்க விடுங்க. பந்தை ஆட விடுங்க, கோயில் மணி நாக்கு ஆடுற மாதிரி. மூணாவது தடவை முன்னால ஆடி வர்றப்ப விட்டுடுங்க." அவ்வளவுதான். தள்ளவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். பந்து மெதுவாக, எனக்கே அலுப்பு வருகிற வேகத்தில் போனது. 60 அடி தூரம் அது போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு மூச்சு விட்டு வாங்கினேன். ஏழு பின் விழுந்தது. அந்த ஏழைப் பார்த்தபோது வந்த கோபம் வேறு மாதிரி, ஐந்து வாரமாக என் தோளையும் விரலையும் எதற்காக இப்படி வருத்தினேன் என்று. பந்துக்கு ஏற்கெனவே கனம் இருக்கிறது, உயரத்தில் இருந்து ஆடி இறங்கினாலே வேகம் வந்துவிடும். நாம் கையால் தள்ளுகிற அந்தக் கடைசி நொடியில்தான் அது கோணிப் போகிறது.

பிறகு நாலு அடி சொல்லித் தந்தார். வலது கைக்காரருக்கு: லேனுக்கு முதுகு காட்டிக் கோட்டில் நின்று நாலரை அடி எடுத்து வைத்து நடந்து திரும்பினால் அதுதான் தொடங்கும் இடம். முதல் அடி வலது கால், கூடவே இரண்டு கையாலும் பந்தை முன்னால் நீட்டுவது. இரண்டாவது அடிக்குப் பந்து காலோரம் இறங்கும், மூன்றாவதுக்குப் பின்னால் ஏறும், நாலாவது இடது கால் வழுக்கிக்கொண்டே நிற்கும்போது பந்து முன்னால் வந்து தானாக விடுபடும். விடும்போது பெருவிரல் முதலில் வெளியே வர வேண்டும், முடிவில் கை ஒருவருக்குக் கை கொடுக்கப் போவது போல நிற்க வேண்டும். இதைப் படித்து மனப்பாடம் செய்வதில் பிரயோசனமில்லை, பந்து இல்லாமல் வீட்டு இஸ்தோப்பில் நடந்து பாருங்கள். நான் அம்மாவின் பழைய ஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். லயமே சிரித்தது, ஆனால் அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது.

அடுத்து, எங்கே பார்ப்பது. நான் பின்னைப் பார்த்தே உருட்டிக்கொண்டிருந்தேன். லேனில் பதினைந்து அடி தூரத்தை ஒட்டி ஏழு அம்புக்குறி இருக்கும், அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். பார்க்க வேண்டியது அதைத்தான், வலது பக்கத்தில் இருந்து இரண்டாவது. பக்கத்தில் இருக்கிறதைக் குறி வைப்பது எப்போதும் லேசு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒன்றாம் பின்னில் நேர் நடுவில் மோதினால் எல்லாம் விழும் என்பதும் என் இன்னொரு மூடநம்பிக்கை. அப்படி மோதினால் பெரும்பாலும் நடு மட்டும் திறந்து இரண்டு பக்கமும் பின் நிற்கும், அதை விழுத்துவது பெரும் கஷ்டம். வலது கைக்காரரின் பந்து ஒன்றாம் பின்னுக்கும், அதற்கு அடுத்த வரிசையில் வலது பக்கம் நிற்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் நுழைய வேண்டும். முதல் பந்திலேயே பத்தும் விழுவதுதான் ஸ்ட்ரைக். சரியான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நாலே நாலு பின்னை, 1, 3, 5, 9. மற்ற ஆறையும் விழுகிற பின்கள்தான் தள்ளி விழுத்துகின்றன.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் ஸ்ட்ரைக் விழுந்தபோது திரையில் பெருக்கல் குறி மட்டும் வந்து கட்டம் வெறுமையாக நின்றது, மெஷின் பழுது என்று நான் ஆளைக் கூப்பிட்டேன். பழுதில்லை. ஸ்ட்ரைக் என்றால் பத்தும், அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் சேரும், அது தெரியும்வரை கட்டம் காத்திருக்கும். இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பெயார், அதற்கு அடுத்த ஒரு பந்தின் கணக்கு சேரும். ஓர் ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரண்டு பந்து; கடைசிச் சுற்றில் கிடைக்கும் கூடுதல் பந்துகளோடு பன்னிரண்டு ஸ்ட்ரைக் தொடர்ந்து விழுந்தால் 300, அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய கணக்கு இது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் பந்தில் ஒன்பது விழுத்தி, மீதி ஒன்றைத் தவறவிட்டால் மொத்தம் 90. அந்த மீதி ஒன்றையும் ஒவ்வொரு முறையும் விழுத்தி, கடைசியில் கிடைக்கும் கூடுதல் பந்திலும் ஒன்பது எடுத்தால் 190. ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லாமல்! இது விளங்கிய அன்றே ஸ்ட்ரைக் ஆசையை விட்டேன். மீதிப் பின் இடது பக்கம் நின்றால் நீங்கள் வலது பக்கம் தள்ளி நின்று, அதே அம்புக்குறி மேலால் குறுக்கே உருட்டுங்கள். வலது பக்கம் நின்றால் மறுபக்கம் தள்ளி நில்லுங்கள். லேனின் அகலம் 39 பலகை. இரண்டாவது வரிசைப் பின்னுக்கு மூன்று பலகை நகர வேண்டும், மூன்றாவது வரிசை ஓரத்துக்கு ஆறு, கடைசி வரிசை ஓரத்துக்கு ஒன்பது. கால் மட்டும் நகரும், கண் நகராது.

ஒன்று விட்டுப் போனது. பந்து திரும்பி வரும் மேடையில் கையை இரண்டு பந்துக்கு நடுவில் விடாதீர்கள். வருகிற பந்து நிற்கிற பந்தில் மோதும், நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். வருகிற பக்கம் பார்க்காத இரண்டு ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். எனக்கு மயிரிழையில் தப்பியது.

போட்டி சனிக்கிழமை நடந்தது. இரண்டு ஆட்டம், 103, 126. பதினாலு கிளையில் ஒன்பதாவது. கிண்ணம் கொழும்புக் கிளை ஒன்றுக்குப் போனது. அன்றிரவு பஸ்ஸில் போனில் கணக்குப் போட்டேன். நாலு ஞாயிறும் சேர்த்து 27,550, பந்து 16,000, ஒரு நாளும் போடாத மணிக்கட்டு உறை 4,500, டொக்டர் 2,800. மொத்தம் 50,850 ரூபாய். இதில் உருப்படியாகப் போனது கடைசி ஞாயிறுக்குச் செலவான 6,500 மட்டும்தான். மெனேஜரிடம் பயணச் செலவையாவது கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. அவர் "ஒன்பதாவதா? பரவாயில்லையே" என்றதோடு சரி.

கறுப்பும் நீலமுமான அந்தப் பந்து இப்போது எங்கள் குசினிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆடி மாதக் காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க அதைவிடத் தோதான ஒன்று இல்லை என்று அம்மா சொல்றா. போன வாரம் நுவரெலியாக் கிளையில் இருந்து ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் கேட்டிருந்தா, அடுத்த வருஷப் போட்டிக்கு அவ பேரைப் போட்டிருக்கிறார்களாம், என்ன பந்து வாங்கலாம் என்று. ஒன்றும் வாங்காதே, ஒரு ஞாயிறு ஹட்டனுக்கு வா, நாலரை பஸ்ஸில் சேர்ந்து போவோம், சொக்ஸ் மட்டும் மறக்காதே என்று பதில் போட்டேன்.